பழக்கமும் பரம்பரையும்

புனே நகரிலிருந்து அகில்யாநகருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ரஞ்சன்காவ் என்னும் ஊர் இருக்கிறது. அட்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் ஒன்றாகிய மகாகணபதி கோயிலால் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இவ்வூர், இப்பொழுது தொழிற்பேட்டையாலும் பெயர் பெற்றிருக்கிறது. அங்குள்ள ஆலைகளை நாடிப் பல மாநிலத்தவரும் வந்து சேர்கின்றனர். முறைவேலை முடிந்து வெளிவரும் தொழிலாளரை நோக்கினால், அவர்களுட் சிலர் உள்ளங்கையில் புகையிலைத் தூளையும் சுண்ணாம்பையும் இட்டு, பெருவிரலால் தேய்த்து, மறுகையால் தட்டி, உதட்டினுள் ஒதுக்கிக்கொள்வதைக் காணலாம். புகையிலையைக் கருக வறுத்துப் பொடித்து 'மிஸ்ரி' என்ற பெயரால் பல்லில் தேய்ப்பதும் மகாராஷ்டிரத்தில், சிறப்பாகப் பெண்களிடையே, நெடுநாளைய வழக்கம்.

2016-17-இல் நாடெங்கும் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பின்படி, மகாராஷ்டிரத்தில் வயதுவந்தோருள் புகைப்போர் நூற்றுக்கு 3.8 பேரே, புகைக்காமல் வாயில் இட்டுக்கொள்வோர் 24.4 பேர். தமிழ்நாட்டிலோ புகைப்போர் 10.5, வாயில் இடுவோர் 10.6 என இரண்டும் ஏறத்தாழச் சமமாக நின்றன. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மவர் பலருக்கு இம்மாற்றம் தெரிந்ததே. திருநெல்வேலியிலோ சேலத்திலோ பீடி பிடித்துக்கொண்டிருந்தவர், நெருப்புக்குத் தடையுள்ள ஆலைக்குள் வந்தபின் உள்ளங்கைப் புகையிலைக்கு மாறுகிறார். வடிவம் மாறினாலும் உள்ளே செல்லும் பொருள் ஒன்றே. அது நிகோடின்.

இத்தகைய பழக்கத்திலோ மதுப்பழக்கத்திலோ ஒருவர் சிக்கிக்கொண்டால், வீட்டிலுள்ளோர் இருவகைத் தீர்ப்பில் ஒன்றைக் கூறுவர். "மனவுறுதி இல்லாதவன்" என்பது ஒன்று. "அவன் அப்பனும் அப்படித்தான், இரத்தத்தில் ஊறியது" என்பது மற்றொன்று. முதலாவது அவரைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது கைவிடுவதற்குச் சாக்காகிறது. மகனுக்குப் பெண் தேடும்போது இரண்டாவது தீர்ப்பு ஊர் கடந்தும் வந்து நிற்பதை நாம் அறிவோம். மாப்பிள்ளை ஒரு துளியும் தொடாதவராயினும், அவர் தகப்பனார் குடித்தார் என்பதனாலேயே பேச்சு முறிந்துவிடுவது உண்டு. நம் மொழியில் 'குடி' என்னும் ஒரே சொல் மதுவையும் குடும்பத்தையும் குறிப்பது தற்செயலே ஆயினும், அவ்விரண்டையும் இணைத்தே எண்ணும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது.

இரத்தத்தில் ஊறியது என்ற கூற்றில் எவ்வளவு உண்மை? இதற்கு விடை காண முயன்ற அறிவியலார் இரு பெருந் தொகுதிகளான செய்திகளைச் சேர்த்திருக்கின்றனர். ஒன்று மனிதரிடமிருந்து பெற்றது. மற்றொன்று எலி, சுண்டெலி முதலிய விலங்குகளிடமிருந்து பெற்றது. இவ்விரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கத் தொடங்கியபின்னரே பல செய்திகள் தெளிவாயின. அதனைச் சிறிது விரித்துக் கூறுவோம்.

முதலில் மனிதரைப் பார்ப்போம். குடிகாரத் தந்தையோடு வளரும் பிள்ளைக்குத் தந்தையின் மரபும் கிடைக்கிறது, தந்தையின் நடத்தையைக் காணும் சூழலும் கிடைக்கிறது. இவற்றை எவ்வாறு பிரித்தறிவது? டென்மார்க்கில் பிறந்தவுடனே வேற்றுக் குடும்பத்திற்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண் பிள்ளைகளைப் பற்றிக் குட்வின் என்னும் மனநோய் மருத்துவரும் அவர் குழுவினரும் 1973-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். பெற்ற பெற்றோருள் ஒருவர் மதுவுக்கு அடிமையானவராயிருந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 18 பேர் தாமும் அந்நிலையை அடைந்தனர். மற்றப் பிள்ளைகளுள் அவ்வாறானவர் நூற்றுக்கு 5 பேரே. பெற்றவரின் முகத்தையே அறியாத பிள்ளைகளிடம் இவ்வேறுபாடு தோன்றியது கவனிக்கத்தக்கது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரையும் வெவ்வேறு கருவிலிருந்து பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளும், மதுவுக்கு அடிமையாகும் தன்மையில் மரபின் பங்கு ஏறத்தாழப் பாதி என்று காட்டின.

இங்கே ஒரு தவறான பொருள் கொள்ளுதலை விலக்கவேண்டும். பாதி என்றால், ஒருவர் குடிக்கும் நான்கு கோப்பையில் இரண்டு தந்தையின் கணக்கில் சேரும் என்பதன்று. ஒரு மக்கள்தொகையில் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை மரபு வேறுபாடு விளக்குகிறது என்பதே அதன் பொருள். தனி ஒருவரைப் பற்றி அவ்வெண் எதுவும் கூறாது. மதுவே கிடைக்காத ஊரில் எந்த மரபும் ஒருவரைக் குடிகாரர் ஆக்கமுடியாது. மேலும், டென்மார்க்குக் கணக்கையே மறுமுறை பாருங்கள். பெற்றவர் குடிகாரராயிருந்தும் நூற்றுக்கு 82 பிள்ளைகள் குடிகாரர் ஆகவில்லை. மணப்பேச்சை முறிப்போர் இந்த 82-ஐ எண்ணுவதில்லை.

இனி விலங்குகள். மகாகணபதி கோயில் கொண்ட ஊரைப் பற்றிப் பேசுகையில் எலியைக் குறைத்து மதிப்பது தகாது. விநாயகர் ஏறிய வாகனம் அது. ஆராய்ச்சிச் சாலையிலும் அது சுமந்த பாரம் பெரிது. 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மெக்கிளேர்ன், ரோட்ஜர்ஸ் என்னும் இருவர் பல குலத்துச் சுண்டெலிகளின் கூண்டுகளில் நீரும், நூற்றுக்குப் பத்துப் பங்கு சாராயச்சத்துக் கலந்த நீரும் தனித்தனியே வைத்தனர். 'சி-57' என்னும் கறுப்புக் குலத்துச் சுண்டெலிகள் சாராய நீரையே பெரிதும் நாடின, 'டி.பி.ஏ.' என்னும் குலத்தவை அதனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உடன்பிறந்தவற்றையே கூட்டிவைத்து வளர்க்கப்பட்டமையால் ஒரு குலத்துச் சுண்டெலிகள் யாவும் மரபில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். கூண்டு, உணவு, வெளிச்சம் யாவும் இரு குலங்களுக்கும் ஒன்றே. ஆகவே வேறுபாட்டுக்கு மரபே காரணம் என்பது ஐயமற விளங்கியது. சுண்டெலிக்குக் கூடாநட்பும் இல்லை, சம்பள நாளும் இல்லை. அதனால் அதன் சாட்சியம் தூயது.

ஆனால் அச்சாட்சியம் தூயதாய் இருப்பதற்குக் காரணமே அதன் குறையுமாகும். மனிதர் துயரத்தால் குடிக்கின்றனர், நாணத்தால் மறைக்கின்றனர், விட்டுவிட்டு மறுபடி தொடங்குகின்றனர். இவற்றைக் கூண்டில் முழுமையாகக் காண இயலாது. மனிதரை ஆராய்வதிலோ வேறு இடர் உண்டு. இலட்சக்கணக்கானோரின் உமிழ்நீரையோ குருதியையோ பெற்று அவர்தம் மரபணுக்களை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், மிகுதியாகப் புகைப்போரிடம் எந்த இடத்தில் எழுத்து மாறியிருக்கிறது என்று சுட்டமுடியும். அந்த மாற்றம் மூளையில் என்ன செய்கிறது என்பதை அது கூறாது. அதனை அறிய உயிருள்ள மனித மூளையைத் திறந்து பார்ப்பதோ, ஒரு மரபணுவை நீக்கிப் பார்ப்பதோ முறையாகாது. எனவே மனிதச் செய்தி இடத்தைக் காட்டும். விலங்குச் செய்தி தொழிலைக் காட்டும்.

இரண்டையும் இணைப்பது சொல்லுமளவுக்கு எளிதன்று. மனிதருக்கும் சுண்டெலிக்கும் பொது மூதாதை வாழ்ந்தது ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டுகளுக்கு முன்பாகும். எனினும் புரதம் செய்யும் மரபணுக்கள் இரு உயிரினத்திலும் இருபதாயிரத்தை ஒட்டியே இருக்கின்றன. மனித மரபணுக்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குச் சுண்டெலியில் இணை உண்டு. அந்த இணை இருக்கும் இடம் வேறு. ஆய்வாளர் இட்ட பெயரும் சில வேளைகளில் வேறு. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவ்விடர் புதிதன்று. ஊரில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயராக இருந்தவர், இங்கே ஆலைப் பதிவேட்டில் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு வேறொருவர் போலத் தோன்றுகிறார். வங்கிக் கணக்கும் குடும்ப அட்டையும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நிறுவுவதற்குள் எத்தனை நடை! மரபணு ஆராய்ச்சியாளரும் இத்தகைய நடையையே நடந்தனர். அமெரிக்காவில் மெயின் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 'ஜீன்வீவர்', அதாவது மரபணு நெசவாளர், என்ற பெயரால் ஒரு கணிப்பொறித் தொகுப்பு அமைந்துள்ளது. மனிதர், சுண்டெலி, எலி, பழ ஈ எனப் பல உயிர்களில் நடந்த ஆய்வுகள் தந்த மரபணுப் பட்டியல்களை அதில் இட்டு, எந்த மரபணு எத்தனைப் பட்டியல்களில் மீண்டும் மீண்டும் வருகிறது என்று காண்கின்றனர். ஒரே பெயர் வெவ்வேறு உயிரினங்களிலிருந்தும் வெவ்வேறு சோதனைகளிலிருந்தும் வந்து நின்றால், அது தற்செயலாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு.

இவ்விணைப்பின் பயனைக் காட்டும் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு நிகோடின் பற்றியதேயாகும். 2008-ஆம் ஆண்டில், மனிதரின் 15-ஆவது குரோமோசோமில் ஒரு பகுதி, மிகுதியாகப் புகைப்பதோடும் நுரையீரல் புற்றுநோயோடும் தொடர்புடையது என்று ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் வெளியிட்டன. அப்பகுதியில் நிகோடினை ஏற்கும் புரதங்களைச் செய்யும் மரபணுக்கள் சில அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் 'ஆல்பா-5' என்னும் உறுப்பைச் செய்யும் மரபணுவில் ஓர் எழுத்து மாறியவர், மாறாதவரைவிடக் கூடுதலாகப் புகைத்தனர்.

இதைக் கேட்டவுடன், மாறிய எழுத்துடையோருக்கு நிகோடின் மிகுந்த இன்பம் தருகிறது போலும் என்றே யாரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறான திசையில் இருந்தது. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பவுலர், கென்னி முதலியோர் 2011-இல் வெளியிட்ட சோதனையில் ஆல்பா-5 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை வளர்த்தனர். நெம்புகோலை அழுத்தினால் சிறிதளவு நிகோடின் உடம்பில் ஏறுமாறு அமைத்தனர். இயல்பான சுண்டெலி, நிகோடினின் அளவு கூடக்கூட முதலில் ஆவலோடு அழுத்தும். ஓர் எல்லை கடந்ததும் குமட்டல் போன்ற வெறுப்புத் தோன்றிக் குறைத்துக்கொள்ளும். முதன்முறை புகையிலை போட்டுத் தலை சுற்றி உட்கார்ந்தவர்க்கு இவ்வெறுப்பு நன்கு விளங்கும். ஆல்பா-5 இல்லாத சுண்டெலிகளோ, அந்த எல்லை கடந்த பின்னும் அழுத்திக்கொண்டே இருந்தன. அவற்றுக்கு இன்பம் கூடவில்லை. போதும் என்று சொல்லும் தடைதான் தளர்ந்திருந்தது.

அத்தடை எங்கே இருக்கிறது என்பதையும் அவர்கள் கண்டனர். மூளையின் நடுவே ஹெபெனுலா என்னும் மிகச் சிறிய பகுதி உண்டு. அங்கிருந்து செல்லும் நரம்பிழைகள் வெறுப்புணர்ச்சியை எழுப்புவன. மரபணு நீக்கப்பட்ட சுண்டெலியின் ஹெபெனுலாவில் மட்டும், தீங்கற்றதாக்கப்பட்ட ஒரு வைரசின் வழியாக அம்மரபணுவை மீண்டும் செலுத்தியபோது, தடை திரும்பியது. மிகுதியான நிகோடினை அது மறுத்தது. பின்னர் 2018-இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த குழுவினர், மனிதரிடம் காணப்பட்ட அதே எழுத்து மாற்றத்தை எலியின் மரபணுவில் அமைத்தனர். அவ்வெலிகளும் மிகுதியான அளவுகளில் கூடுதலாக நிகோடின் கொண்டதோடு, விட்டபின் மறுபடி நாடுவதிலும் முந்தின. மனிதரின் உமிழ்நீரில் தொடங்கிய ஐயம் எலியின் மூளையில் தெளிந்த வரலாறு இது. ஒன்று இல்லாவிடின் மற்றொன்று பாதிவழியிலேயே நின்றிருக்கும்.

இவ்வளவு புகழ்பெற்ற இந்த எழுத்து மாற்றம் மனிதரிடம் விளைக்கும் வேறுபாடு எவ்வளவு என்று கேட்டால், பலர் வியப்படைவர். ஒரு பிரதி மாறியிருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சிகரெட்டுக் கூடும். அவ்வளவே. புகைப்பழக்கம் பற்றி இதுவரை அறியப்பட்ட பொதுவான மரபு மாற்றங்களுள் வலிமை மிக்கவற்றில் ஒன்றின் நிலையே இதுவானால், ஏனைய நூற்றுக்கணக்கானவற்றின் தனித்தனி வலிமை மிகச் சிறிது என்பது வெளிப்படை. இரத்தத்தில் ஊறியது என்று ஒரே சொல்லில் முடிப்பவர், அந்த ஊறல் எத்தனைத் துளிகளால் ஆனது என்பதை அறியார்.

மேலும், தொடங்குவது ஒன்று, மிகுவது ஒன்று, விடமுடியாமை ஒன்று. இம்மூன்றும் ஒரே மரபணுக்களால் ஆளப்படுவன அல்ல. ஆல்பா-5 மாற்றம் புகைக்கும் அளவைக் கூட்டுகிறது. 2010-இல் வெளியான ஒரு பேராய்வில், தொடங்குவதோடு தொடர்புடையதாக வெளிப்பட்டது 11-ஆவது குரோமோசோமிலுள்ள பி.டி.என்.எப். என்னும் வேறொரு மரபணு. இது நரம்பணுக்கள் கிளைத்துத் தழைக்க உதவும் புரதத்தைச் செய்வது. நினைவுக்கும் கற்றலுக்கும் இன்றியமையாதது.

இந்த மரபணுவின் கதை நம்மைப் புனேக்கே திரும்பக் கொண்டுவருகிறது. 1954-ஆம் ஆண்டில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர், எலியின் மூளையில் சில இடங்களில் மெல்லிய கம்பி பதித்து, நெம்புகோலை அழுத்தினால் சிறு மின்னோட்டம் பாயுமாறு செய்தனர். எலிகள் அம்மின்னோட்டத்தை வேண்டி ஓயாமல் அழுத்தின. மூளையில் இன்பத் தூண்டலுக்கென ஒரு பாதை உண்டு என்று அன்று தெரிந்தது. மது, நிகோடின், அபின் முதலிய யாவும் வெவ்வேறு வாயில் வழியாக அப்பாதையைத் தூண்டி, டோபமைன் என்னும் இரசாயனப் பொருளை மிகுவிப்பவை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இதே முறையைக் கையாண்டு, புனேப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரும் அவர்களோடு இணைந்தோரும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நெம்புகோல் அழுத்தப் பழகிய எலிகளின் மூளையில், அந்த இன்பப் பாதையை ஒட்டிய பகுதியில், பி.டி.என்.எப். மிகுந்திருந்தது, நரம்பணுக்கள் கூடுதலாகக் கிளைத்திருந்தன. மரபணுக்களைச் சுற்றியுள்ள புரத உறையின் குறிகளை மாற்றும் எல்.எஸ்.டி-1 என்னும் நொதியும் மிகுந்திருந்தது. அந்நொதி உண்டாவதைத் தடுத்தபோது, எலிகள் நெம்புகோலை நாடுவது குறைந்தது, பி.டி.என்.எப். அளவும் குறைந்தது.

இதன் பொருளைச் சற்று நின்று நோக்குவோம். அவ்வெலிகளின் மரபணுவில் ஓரெழுத்தும் மாறவில்லை. பிறந்தபோது இருந்த ஏடே இருந்தது. பழக்கத்தால் மாறியது, அவ்வேட்டில் எந்தப் பக்கம் எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதே. ஆக, மனித ஆய்வு காட்டிய மரபணு பிறப்போடு வந்த எழுத்து வேறுபாட்டால் பழக்கத்தைத் தொடுகிறது. புனேயின் எலிகளில் அதே மரபணுவைப் பழக்கம் வந்து தொடுகிறது. பரம்பரையா பழக்கமா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி வழக்காடுவோர், இரண்டும் ஒரே மரபணுவில் சந்திப்பதைக் கருதவேண்டும்.

மதுவைப் பற்றியும் இவ்வாறே சில செய்திகள் உள. சீனர், ஜப்பானியர், கொரியர் ஆகியோருட் பலர் சிறிதளவு மது அருந்தினாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துத் துன்புறுவர். மது உடம்பில் சிதையும்போது இடையில் அசிட்டால்டிகைடு என்னும் நஞ்சு தோன்றுகிறது. அதனை மேலும் சிதைக்கும் நொதி அவர்களிடம் ஓரெழுத்து மாற்றத்தால் வேலை செய்வதில்லை. அத்துன்பமே அவர்களைக் குடிப்பழக்கத்திலிருந்து பெரிதும் காக்கிறது. இந்தியரிடம் இம்மாற்றம் மிக அரிது. ஆகவே அக்காப்பு நமக்கு இல்லை. டென்மார்க்கில் 1940-களில் கண்டறியப்பட்ட டைசல்பிராம் என்னும் மருந்து, இதே நொதியைத் தடுத்து அத்துன்பத்தைச் செயற்கையாக உண்டாக்குவதாகும். நம்மவரிடம் பரவியுள்ள ஒரு கொடிய வழக்கத்தை இங்கே சொல்லியாகவேண்டும். குடிப்பவர் அறியாமலே இம்மருந்தை வாங்கிச் சோற்றிலோ குழம்பிலோ கலந்து கொடுப்பது உண்டு. விளம்பரம் செய்யப்படும் பெயரற்ற பொடிகளை வாங்கிக் கலப்பதும் உண்டு. டைசல்பிராம் உள்ளே இருக்கையில் குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். உண்பவர் அறிந்து, இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில் உண்ணவேண்டிய மருந்து அது.

மற்றொரு மரபணு, ஆர்.ஏ.எஸ்.ஜி.ஆர்.எப்-2. இதனை நீக்கிய சுண்டெலிகள் மதுவைக் குறைவாக நாடின. மது தந்தபோதும் அவற்றின் இன்பப் பாதையில் டோபமைன் பெருகவில்லை. இதை அறிந்த ஐரோப்பியக் குழு, 14 வயதுச் சிறுவர் 663 பேரை மூளைப்படக் கருவியில் படுக்கவைத்து, பரிசு கிடைக்கும் என்று காத்திருக்கச் செய்தது. அம்மரபணுவின் ஒரு வடிவம் உடையோரிடம் இன்பப் பாதை கூடுதலாகக் கிளர்ந்தது. 16 வயதில் அவர்கள் அடிக்கடி குடிப்போராயும் இருந்தனர். 2012-இல் வெளியான இவ்வாய்வில் சுண்டெலியும் சிறுவனும் ஒரே விடையைச் சொன்னார்கள்.

எனினும், ஒத்த விடை கிடைத்துவிட்டால் மருத்துவம் கைகூடிவிடும் என்று எண்ணலாகாது. அபின் வகைப் பொருள்களை ஏற்கும் புரதத்தில் ஓர் எழுத்து மாற்றம் உண்டு. மனித வடிவத்தையே உடையவாறு ஆக்கப்பட்ட சுண்டெலிகளிலும், மனிதரிலும், அம்மாற்றம் மதுவால் எழும் டோபமைனை மிகுவிக்கிறது என்று 2011-இல் காட்டப்பட்டது. அவ்வேற்பியை மறிக்கும் நால்ட்ரெக்சோன் என்னும் மருந்து அம்மாற்றம் உடையோருக்குச் சிறப்பாகப் பயன்படும் என்று பலரும் எதிர்பார்த்தனர். அதனையே சோதிக்கவென வகுத்து நடத்தி 2015-இல் வெளியிட்ட மருத்துவச் சோதனை, அவ்வாறு காட்டவில்லை. நால்ட்ரெக்சோன் பலருக்கு உதவும் நல்ல மருந்தே. யாருக்கு உதவும் என்பதை ஓரெழுத்தைப் பார்த்துச் சொல்ல இயலவில்லை. 'உங்கள் பிள்ளை குடிகாரர் ஆவாரா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்கிறோம்' என்று யாரேனும் பணம் கேட்டால் கொடுக்கவேண்டா என்பதற்கு இது ஒன்றே போதும்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022-இல் 34 இலட்சம் பேரின் செய்திகளைக் கொண்டு, புகையிலையும் மதுவும் பற்றிய மிகப் பெரிய மரபணு ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் ஐரோப்பிய வழியினர். ஒரு மக்களிடம் கண்ட கணக்கு மற்றொரு மக்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஆல்பா-5 எழுத்து மாற்றமே ஐரோப்பியரிடம் மிகுதி, கிழக்கு ஆசியரிடம் மிக அரிது. அன்றியும், இத்தகைய ஆய்வுகளில் பழக்கம் அளக்கப்படுவது 'நாளொன்றுக்கு எத்தனை சிகரெட்' என்ற கேள்வியால். கன்னத்தில் புகையிலையை ஒதுக்கி ஒரு மணி நேரம் வைத்திருப்பவரையும், மிஸ்ரி தேய்க்கும் பாட்டியையும் அக்கேள்வியால் அளக்க முடியுமா? சிகரெட்டின் நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது; வாயில் ஒதுக்கியது மெல்ல ஊறி நெடுநேரம் நிற்கிறது. சுண்ணாம்பு சேர்ப்பது நிகோடின் வாயின் மென்தோல் வழியே விரைந்து ஏற உதவுகிறது. ஹெபெனுலாவின் தடை இவ்வகைப் பழக்கத்தில் எவ்வாறு வேலை செய்கிறது என்பது, ரஞ்சன்காவ் போன்ற ஊர்களே விடை தரவேண்டிய கேள்வியாக நிற்கிறது.

இக்குறையைப் போக்கும் பணி நம் நாட்டிலும் தொடங்கியிருக்கிறது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனத்தைத் தலைமையாகக் கொண்டு, இந்திய, பிரிட்டிஷ் ஆய்வாளர் சேர்ந்து 'சி-வேதா' என்ற நெடுங்கால ஆய்வை நடத்தி வருகின்றனர். பெங்களூர், மைசூர், ரிஷிவேலி, கொல்கத்தா, சண்டிகர், இம்பால் ஆகிய இடங்களில் 6 முதல் 23 வயது வரையுள்ள ஏறத்தாழ 9,000 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். மரபணுவோடு, வளர்ந்த சூழல், சிறுவயதுத் துன்பங்கள், உணவு, காற்றிலும் நீரிலும் கலந்த நச்சுப் பொருள்கள் ஆகியவற்றையும் அவர்கள் குறித்துக்கொள்கின்றனர். மேற்சொன்ன 14 வயதுச் சிறுவர் ஆய்வின் தலைவர்களுள் ஒருவரே இதனையும் இணைந்து நடத்துகிறார் என்பதால், நம் பிள்ளைகளின் செய்தியும் விலங்குச் சோதனைகளோடு ஒப்பிடப்படும் வாய்ப்பு உண்டு. அதே பெங்களூர் நிறுவனத்தில், பலர் நோயுற்ற குடும்பங்களின் குருதியிலிருந்து உயிரணுக்களை எடுத்து நரம்பணுக்களாக வளர்த்து ஆராயும் முயற்சியும் நடைபெறுகிறது. அதில் மதுவுக்கு அடிமையானோர் குடும்பங்களும் அடங்கும்.

இவ்வாராய்ச்சிகளின் பயன் முழுதும் கைக்கு வர ஆண்டுகள் பல ஆகலாம். அதுவரை காத்திருக்கவேண்டிய தேவை இல்லாத சிலவற்றை மட்டும் குறிப்போம். மருத்துவரிடம் செல்லும்போது தந்தைக்கு நீரிழிவு உண்டா என்று கேட்டால் தயங்காமல் சொல்கிறோம். தந்தை குடித்தாரா என்று கேட்டால் மறைக்கிறோம். அதையும் நீரிழிவைச் சொல்வதுபோலவே சொல்லலாம். அப்பழக்கம் குடும்பத்தில் இருந்தால், பிள்ளை முதன்முதல் தொடும் வயதைத் தள்ளிப்போடுவது பெரும் பயன் தரும். எவ்வளவு இளமையில் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பிற்காலத்தில் அடிமையாகும் வாய்ப்புக் கூடுதல். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் ஒரே நாளில் தாமாக நிறுத்திவிடலாகாது. வலிப்பும் சித்தப்பிரமையும் நேர்ந்து உயிருக்கு இடையூறு ஆகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்தவேண்டும். புனேயில் 1986-இல் தொடங்கிய முக்தாங்கண் என்னும் மறுவாழ்வு நிலையமும், சென்னையில் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிலையமும் இத்துறையில் நெடுங்காலப் பணி ஆற்றியவை. புகையிலையை விட விரும்புவோர்க்கான இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. மனநலம் பற்றிய எவ்வகை உதவிக்கும் 2022 முதல் இயங்கும் 'டெலி-மானஸ்' என்னும் அரசு அமைப்பின் எண் 14416. எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. மராத்தியோ இந்தியோ சரளமாக வராதவர்கள் தயங்கவேண்டா. அங்கே தமிழிலும் பேசலாம்.